பதினான்காவது பில்

ஜனவரி 2, செவ்வாய்

கம்பெனியில் டைரி கொடுத்தார்கள். போன வருடம் கொடுத்ததில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்த நாளும் மகள் ஆதிரைக்குத் தடுப்பூசி போட்ட நாளும் மட்டும்தான் இருக்கின்றன. இந்த வருடமாவது ஒழுங்காக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

எழுத விஷயமும் இருக்கிறது. பிள்ளைகளின் காப்பகச் செலவுக்குக் கம்பெனி தரும் படி நான்காவது மாதமாகச் சம்பளத்தோடு ஏறிவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்து கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் டெஸ்டிங் லைனுக்கு லீடர். லைன் முழுக்கப் பெண்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும், வளைகாப்பு நடக்கும், பிரசவ லீவு முடிந்து திரும்பி வருவாள். மூன்றே மாதத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வேலையை விட்டுவிடுவாள். எட்டு வருடத்தில் இப்படி எத்தனை பேருக்குக் கேக் வெட்டி அனுப்பினோம் என்று எண்ணி முடியாது. போன ஜூலையில் எனக்குப் பொறுக்கவில்லை. காப்பகச் செலவில் பாதியையாவது கம்பெனி ஏற்க வேண்டும் என்று மனு எழுதி, எழுபத்தெட்டுப் பேரிடம் கையெழுத்து வாங்கி, எச்.ஆர். ஜெரால்டு சார் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இறங்கி வரப்போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆறு மாதச் சோதனை. காப்பகத்தில் பிள்ளையை விட்டிருக்கும் பதினைந்து தாய்மார்களுக்கு மட்டும். மாதாமாதம் பில் கொடுக்க வேண்டும். சரியாக நடந்தால் எல்லாருக்கும் நிரந்தரமாக உண்டு. "ஒரு பொய் பில் வந்தாலும் மொத்தத்தையும் நிறுத்திடுவாங்க, ஹேமலதா. பில்லை நீங்களே வாங்கிப் பாத்துக் குடுங்க" என்று என் தலையில் கட்டினார்.

இப்போது பதினான்கு பேர். பதினைந்தாவது பூங்கோதை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய மாமியார், கொடுத்தது ஏதோ காப்பகத்தின் பில். முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டேன். எல்லார் முன்னாலும் பில்லைக் கிழித்தேன். அழுதாள். தீபாவளி போனஸ் வாங்கியதோடு நின்றுவிட்டாள். எனக்கு வருத்தம்தான், ஆனால் ஒருத்தியைப் பார்த்தால் பதினான்கு பேருக்கு யார் பதில் சொல்வது?

ஜனவரி 9, செவ்வாய்

எனக்கு ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ். நான் கிளம்பும்போது ஆதிரை பாதித் தூக்கத்தில் இருப்பாள். எழுப்பி, குளிப்பாட்டி, கொரட்டூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் விமலா அக்கா காப்பகத்தில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பாடியில் இருக்கும் தன் பட்டறைக்குப் போவார். லேத் வேலை. சாயந்திரம் அழைத்து வருவதும் அவரே. லைனில் ரெஜினா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அவள் புருஷன் பிள்ளைக்கு மூக்குக்கூடத் துடைத்ததில்லை.

சட்டைகளை ஊறவைத்தேன். முன்பெல்லாம் அவருடைய சட்டையைத் தனியாகத்தான் ஊறவைக்க வேண்டும், அவ்வளவு எண்ணெய் இருக்கும். இப்போது கறையே இல்லை. புது மிஷினாம், மூடி போட்டதாம். நல்லதுதான், சோப்பு மிச்சம்.

ஆதிரைக்கு இடது கை மட்டும் கறுத்திருக்கிறது. குளிப்பாட்டும்போது இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது. வெயிலில் விளையாட விடுகிறார்களாம். வெயில் ஒரு கையில் மட்டுமா அடிக்கும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு டி.வி. போட்டார்.

ஜனவரி 13, சனி

மஞ்சள் துப்பட்டாவைக் காணோம். வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது.

ஜனவரி 19, வெள்ளி

காப்பகத்து வாட்ஸப் குழுவில் பொங்கல் படங்கள் போட்டிருந்தார்கள். இருபத்தேழு படம். ஒவ்வொரு பிள்ளையும் கையில் கரும்புத் துண்டோடு நிற்கிறது. ஆதிரை ஒன்றிலும் இல்லை. பஸ்ஸில் மூன்று தடவை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு சிவப்புப் பாவாடை தெரிந்தது, அது அவளாக இருக்கலாம்.

ஆனால் ஆதிரையிடம் சிவப்புப் பாவாடை கிடையாது.

அவரைக் கேட்டேன், கேமராவைக் கண்டால் அவள் ஓடி ஒளிந்துகொள்கிறாளாம். வீட்டில் போனை எடுத்தாலே வந்து முகத்தை நீட்டுகிறவள்.

ஜனவரி 24, புதன்

என்னவோ சரியில்லை.

சாயந்திரம் தலையணைகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, போதும் போதும்" என்று கையை ஆட்டினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், "கணேசன் மாமா." கணேசன் மாமா யார் என்றால், "மூட்டை மாமா." தலைமுடியில் கொத்தமல்லி வாசனை. ஒரு தழை காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது.

விமலா அக்கா பிள்ளைகளை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறாளா? எந்த மூட்டை தூக்குகிறவன் என் பிள்ளையின் பக்கத்தில் வருகிறான்? மூன்று வயதுப் பெண் குழந்தை. நாளைக்கே லீவு போட்டுவிட்டு நேரில் போய்க் கேட்கிறேன் என்று குதித்தேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ போய்க் கத்துனா அந்தம்மா புள்ளையச் சேத்துக்க மாட்டேன்னுடும். நான் பேசிக்கிறேன், விடு" என்றார். இவ்வளவு கோபமாக அவர் பேசி நான் பார்த்ததில்லை.

விட்டேன். வேறு காப்பகம் உடனே கிடைக்காது, கிடைத்தாலும் பில் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் விட்டேன். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 31, புதன்

பதினான்கு பில்லும் வந்துவிட்டன. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு ஜெரால்டு சாரிடம் கொடுத்தேன். என்னுடையதுதான் இருப்பதிலேயே சுத்தமாக இருந்தது. சீல் கோணாமல், மை படாமல்.

அவர் ஒரு செய்தி வைத்திருந்தார். புனேயில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து சாருலதா மேடம் என்று ஒருவர் பிப்ரவரி 26 அன்று வருகிறார். காப்பகங்களை நேரில் போய்ப் பார்ப்பார். வருகைப் பதிவேட்டையும் பில்லையும் ஒப்பிடுவார். அவருக்குத் திருப்தி என்றால் எல்லாத் தாய்மார்களுக்கும் நிரந்தரம். இல்லையென்றால் பிப்ரவரியோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

லைனில் சொன்னதும் ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். இந்தப் படி நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

வீட்டில் சொன்னேன். அவர் கையில் இருந்த டம்ளரில் காபி ஆறிப்போகும் வரை குடிக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

மத்தியானம் விமலா அக்காவுக்குப் போன் செய்தேன். ஆதிரை சாப்பிட்டாளா என்று கேட்டேன். "நல்லா சாப்ட்டாம்மா" என்றாள். என்ன சாப்பிட்டாள் என்றேன். பருப்பு சாதம் என்றாள். நான் கட்டிக் கொடுத்தது எலுமிச்சை சாதம்.

பிப்ரவரி 8, வியாழன்

ஆதிரை தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

வயிற்று வலி என்று சொல்லிப் பதினோரு மணிக்குப் பர்மிஷன் போட்டு, ஆட்டோ பிடித்து நேராகக் காப்பகத்துக்குப் போனேன். ஹாலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாத்ரூமைத் திறந்து பார்த்தேன். சமையலறையில் பார்த்தேன். மாடிக்கு ஓடினேன், அங்கே துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. என் பிள்ளை எங்கே என்று நான் கத்தியதில் நான்கு குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன.

விமலா அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். "அவ இங்க வந்தே மூணு மாசம் ஆகுதும்மா. உன் வீட்டுக்காரர் சொல்லலையா? பில்லு மட்டும் போட்டுக் குடுங்கக்கா, கம்பெனிக்கு வேணும்னாரு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் போட்டுக் கொடுப்பார்கள். வாடகை ரசீது, பெட்ரோல் பில், மருந்து பில், எங்கள் கம்பெனியில் எந்த பில்தான் உண்மை? அதை ஒரு தப்பாகவே யாரும் நினைப்பதில்லை. இந்த ஒரு பில்லைத் தவிர.

அவருக்குப் போன் செய்தேன். பட்டறையில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் ஹாரன் சத்தம். அதற்கும் பின்னால், "அப்பா, பச்சை போட்டாச்சு."

"பக்கத்துல யாருங்க?" என்றேன்.

வண்டி ஓரமாக நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு பாடி மேம்பாலத்துக்கு அடியில் நிற்கிறேன், வா என்றார்.

போனேன். குட்டி யானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. பின்னால் வெங்காய மூட்டைகள். முன்னால் இடதுபக்க சீட்டில் ஆதிரை, என் மஞ்சள் துப்பட்டாவால் சீட்டோடு குறுக்கே கட்டப்பட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் இடது கையில் விழுந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் பொரி கொடுத்த முதலாளி, அடுத்த வாரமே பட்டறையைப் பூட்டிவிட்டாராம். இவர் பதினைந்து இடத்தில் கேட்டிருக்கிறார். நாற்பது வயது லேத்காரன் யாருக்கும் வேண்டாம். கடைசியில் இந்த வண்டியை நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார். காப்பகத்துக்கு என்று நான் கொடுத்த பணம் அதற்குத்தான் போயிருக்கிறது. கோயம்பேட்டில் மூட்டை ஏற்றும் கணேசன் என்பவர்தான் பிள்ளைக்கு மத்தியானம் தயிர் வாங்கிக் கொடுப்பாராம். அந்த மனிதரை நான் என்னவெல்லாம் நினைத்தேன்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே பில்லக் கிழிச்சிருப்ப" என்றார்.

அங்கேயே நடைபாதையில் நின்று அழுதேன். வேலை போனதற்காக இல்லை. மூன்று மாதம் என் பிள்ளை லாரிகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறது, நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மூன்று பில். மூன்றிலும் சரிபார்த்தவர் என்று என் கையெழுத்து.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அவர் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்.

பிப்ரவரி 11, ஞாயிறு

விமலா அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்கும் பயம். ஒரு பில் பொய் என்று தெரிந்தால் மற்ற ஐந்து பேரும் பிள்ளைகளை எடுத்துவிடுவார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து ஆதிரை போக அவளிடம் ஐந்து பிள்ளைகள். அவர்களும் வாசலிலேயே பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், ஆதிரை வராததை யாரும் கவனிக்கவில்லை. அவள் சொன்ன வழி இது: நாளையிலிருந்து ஆதிரையை உண்மையாகவே கொண்டுவந்து விட வேண்டும். மூன்று மாதப் பதிவேட்டில் விட்டுப்போன பெயரை அவள் ஏற்றிவிடுவாள். இருபத்தாறாம் தேதி பிள்ளை பாயில் உட்கார்ந்திருக்கும். பழசை யார் தோண்டப்போகிறார்கள்?

அவரும் அதையே சொன்னார். கூட ஒன்றும் கேட்டார். "வேலை போனத மட்டும் வெளிய சொல்லாத ஹேமா. உன் கம்பெனில பேசுனா அங்க இருக்கிற மச்சான் மூலமா எங்க அண்ணன் காதுக்குப் போயிடும்."

பதினான்கு பேரை நினைத்துத்தான் சரி என்றேன். என்னை நினைத்தல்ல.

பிப்ரவரி 12, திங்கள்

காப்பக வாசலில் ஆதிரை என் கழுத்தை விடவே இல்லை. விமலா அக்கா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். பஸ் போய்விட்டது.

பிப்ரவரி 17, சனி

பாடம் நடத்துகிறேன்.

சோறு ஊட்டும்போதெல்லாம் கேட்பேன். நீ தினமும் எங்கே போகிறாய்? விமலா ஆன்ட்டி வீட்டுக்கு. ரொம்ப நாளாகப் போகிறாயா? ஆமாம், ரொம்ப நாளாக. வண்டியில் போனாயா? இல்லை. சரியாகச் சொன்னால் கையில் ஒரு முந்திரி. நேற்று வரை வண்டி என்ற சொல்லைக் கேட்டாலே "கோயம்பேடு" என்று குதிப்பாள். இன்று வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். கெட்டிக்காரி. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்ல ஐந்தே நாள் போதும் என்று தெரிந்துகொண்டேன்.

அவர் அடுத்த அறையில் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. வெளியே போய் நின்றுகொண்டார்.

பிப்ரவரி 21, புதன்

ரேஷன் கடையில் பூங்கோதை. பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று பார்த்தேன், அவளாகவே கூப்பிட்டாள். இடுப்பில் பிள்ளை. தீப்பெட்டி சைஸில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளை வீட்டிலிருந்தே அடுக்கிக் கொடுக்கிறாளாம், கட்டுக்கு இவ்வளவு என்று. கம்பெனியில் வாங்கியதில் கால் பங்குதான்.

படி நிரந்தரம் ஆகப்போகிறதாமே என்று கேட்டாள். அப்படி ஆகிவிட்டால் தன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். "எங்க மாமியாருக்கு மாசம் ஏதாவது குடுக்கலாம்னுதான்க்கா அந்த பில்லக் குடுத்தேன். காலைல இருந்து அவங்கதான் தூக்கிட்டுத் திரியிறாங்க. சும்மாவா பாத்துக்குவாங்க?"

பார்க்கலாம் என்றேன். சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலையிலிருந்து தலைவலி. நாளைக்குப் போட ஆதிரையின் நீல கவுனை அயர்ன் செய்தேன். ரெஜினா போன் செய்து திருவேற்காட்டில் எனக்கும் சேர்த்து அர்ச்சனை செய்ததாகச் சொன்னாள். அவள் கும்பிடுவது மாதா, அம்மன் கோயிலுக்கு எதற்குப் போனாள் என்றேன். யாராவது ஒருத்தர் கேட்டால் போதும்க்கா என்றாள்.

பிப்ரவரி 26, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாருலதா மேடம் நான் பயந்த மாதிரி இல்லை. திருச்சிக்காரர், பருத்திப் புடவை, நிதானமான பேச்சு. பிரதிநிதி என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். முதலில் விமலா அக்கா காப்பகம்.

பதிவேட்டை மேடம் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஆதிரையின் பெயருக்கு நேரே எல்லா நாளும் டிக். ஒரு நாள்கூட லீவு இல்லை. விமலா அக்கா பயத்தில் பொங்கலன்றும் டிக் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் மேடம் விரல் நின்றது. பிறகு விரல் நகர்ந்தது.

ஆதிரை பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் ஓடி வரவில்லை, அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். மேடம் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, இங்கே உனக்கு யார் ஃப்ரெண்டு என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆதிரை சுற்றிலும் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருவருடைய பெயரும் அவளுக்குத் தெரியாது.

"கணேசன் மாமா" என்றாள்.

எதிர்த்த வீட்டு வாட்ச்மேன் என்று விமலா அக்கா சிரித்தாள். மேடமும் சிரித்தார். ஆதிரை என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்கிற பார்வை. நான் தலையாட்டினேன். அதைப் போல ஒரு காரியத்தை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

இன்னும் இரண்டு காப்பகங்கள் பார்த்துவிட்டு கம்பெனிக்கு வந்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது, நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார் மேடம். ஜெரால்டு சாருக்கு முகமெல்லாம் பல். பதினான்கு பேரின் பில்லும் உண்மை என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். ஆதிரை பெயருக்குக் கீழே என் பெயர். அப்போது மேடம் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"அக்டோபர்ல ஒரு பொய் பில்லை நீங்களே புடிச்சு அந்தப் பொண்ணை எடுத்துட்டீங்களாமே. அதனாலதான் மத்த பில்லை எல்லாம் நாங்க நம்புறோம்."

நான் நல்லவள் என்று இப்படி யாராவது சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இன்று இல்லை. பூங்கோதையை வைத்துத்தான் என்னை நம்புகிறார்கள். பேனாவை மூடி வைத்தேன்.

"பதிமூணு பில்லுக்குக் கையெழுத்துப் போடுறேன், மேடம். பதினாலாவது என்னோடது. மூணு மாச பில்லும் பொய்."

ஜெரால்டு சார் எழுந்து கதவைச் சாத்தினார். மேடம் பில் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படியென்றால் குழந்தை எங்கே இருந்தாள் என்று கேட்டார். வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றேன். மாமியாரா என்று ஜெரால்டு சாரே எடுத்துக் கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

உண்மை சொல்ல உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு பொய். அவருக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். என் பிள்ளை மூன்று மாதம் லோடு வண்டியில் இருந்தாள் என்பதை மறைக்க அந்த வாக்கு வசதியாகத்தான் இருந்தது.

மற்ற பதின்மூன்று பேரையும் நிறுத்தாதீர்கள், எனக்குக் கொடுத்ததைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். முடிவு என் கையில் மட்டும் இல்லை என்றார் மேடம். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

கேன்டீனில் பதின்மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். என் பில் பொய், முடிவு எப்படியும் போகலாம் என்று. வேறொன்றும் சொல்லவில்லை. ரெஜினா தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். பின்னாலேயே நான்கு பேர் போனார்கள்.

வீட்டில் அவருக்கும் சொன்னேன். வண்டியில் இனிமேல் பிள்ளை ஏறக்கூடாது, காப்பகத்துக்கும் பணம் இல்லை என்றேன். அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

பிப்ரவரி 29, வியாழன்

ரெஜினா பேசவில்லை. டெஸ்டிங் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் எட்டு மணி நேரம்.

அவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பகலில் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். நான் வந்ததும் ஏழிலிருந்து பத்து வரை பார்சல் டெலிவரிக்குப் போவார். நானாகக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

மார்ச் 2, சனி

பூங்கோதை வீட்டுக்குப் போனேன். உன் பில்லை எல்லார் முன்னாலும் கிழித்தது தப்பு என்றேன். என்னுடையதைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது தெருக்குழாயில் கூட்டம். பெண்கள் வரிசைக்கு நடுவில் லுங்கியோடு அவர், ஒரு கையில் குடம், தோளில் ஆதிரை. பட்டப்பகல் பதினோரு மணி. பட்டறை லீவா என்று எதிர்வீட்டு அம்மா அவரைக் கேட்டது எனக்குக் கேட்டது. அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை. நான் சந்தில் ஒதுங்கி நின்றேன், அவர் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை.

மார்ச் 4, திங்கள்

முடிவு வந்துவிட்டது.

காப்பகப் படி நிரந்தரம். எல்லாத் தாய்மார்களுக்கும். இனிமேல் பில்லோடு காப்பகத்தின் வருகைத் தாளும் வேண்டும், மாதாமாதம் கம்பெனி ஆள் போய்ப் பார்ப்பார். விமலா அக்கா காப்பகம் இனி கம்பெனியின் பட்டியலில் இல்லை, அவளிடம் இருக்கும் பிள்ளைகளை மாற்றுவதற்கு ஒரு மாத அவகாசம். எனக்குக் கொடுத்ததை ஆறு தவணையில் பிடித்துக்கொள்வார்கள். பிரதிநிதிப் பொறுப்பு இல்லை. ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் நானும் விண்ணப்பிக்கலாம். ஜெரால்டு சார் இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டாமல் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். நன்றி சொன்னேன். மெஷின் ஓடுகிற இடத்தில் போய் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல் ஒரு பாட்டம் அழுதேன். சந்தோஷம்தான். பாதி சந்தோஷம்.

மத்தியானம் கேன்டீனில் ரெஜினா தட்டைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் சாம்பாரைப் பற்றிப் பேசினோம். பிறகு ரெஜினா கேட்டாள்.

"இப்ப ஆதிரைய யாருக்கா பாத்துக்கிறா? உங்க மாமியார் வந்திருக்காங்களாமே."

ஆமாம் என்றால் போதும். ஜெரால்டு சார் வாயிலிருந்து அது எல்லார் காதுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மச்சான் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில்தான் இருக்கிறார், பக்கத்து மேஜையில்.

"எங்க மாமியார் செத்து ஆறு வருஷம் ஆச்சு, ரெஜினா" என்றேன். "ஆதிரைய அவ அப்பாதான் பாத்துக்கிறாரு. ஐப்பசியில இருந்து அவருக்கு வேலை இல்ல. அன்னைல இருந்து அவர்தான்."

பக்கத்து மேஜையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ரெஜினா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லா பாத்துக்கிறாரா?"

என்னைத் திட்டுவாள் என்றுதான் தயாராக இருந்தேன், இதற்குத் தயாராக இல்லை. குழாயடியில் அவர் தோளில் இருந்த பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

"என்னைவிட நல்லா" என்றேன். தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன். சாப்பாட்டு நேரம் முடிகிற பெல் அடித்தது. அவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.